மார்த்தோ வீட்டுப் பையனின் பெயர்

துமிராவுக்குத் தன் புருஷனைக் கூப்பிட ஒரு பெயர் இல்லாமல் போன வருஷம் அது. டச்சுக்காரர்கள் ஜாவாவில் எங்கள் ஊரான ஜோக்ஜாவைப் பிடித்து எங்கள் தலைவர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனதும் அந்தச் சமயத்தில்தான். தலைவர்களைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். துமிராவைப் பற்றி எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டியும் ஒரு கிணறும்தான்.

எங்கள் பக்கத்தில் கட்டினவள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். மூத்த பிள்ளையின் பெயரோடு ஓர் அப்பாவைச் சேர்த்துக்கொள்வாள். துமிராவின் புருஷன் ஊருக்கு மார்த்தோ, அவளுக்குக் கர்னோப்பா. மார்த்தோ என்பதும் பிறந்தபோது வைத்த பெயர் அல்ல. பிறந்தபோது கசிரன். கல்யாணமானதும் ஆண்களுக்கு ஒரு பெரிய மனிதப் பெயர் வந்துவிடும்; பழையதைப் பெற்ற தாயும் கூட விளையாடியவர்களும் தவிர யாரும் எடுக்கமாட்டார்கள். பெயரைச் சட்டைபோல் மாற்றுகிற ஜனம் என்று வெளியூர்க்காரன் சிரிப்பான். சட்டைதான். உடம்புக்குப் பொருந்த வேண்டாமா?

துமிரா உட்காரத் தெரியாதவள். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப் பாலும் தென்னங்கருப்பட்டியும் போட்டுச் சிவக்கச் சிவக்க வேகவைத்து, காலையில் எங்கள் தெருமுனையில் சோற்றோடு விற்பாள். பக்கத்தில் நான் சோயாப் பயறைப் புளிக்கவைத்துக் கட்டிய தெம்பேயை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் நின்றபடியே சோறு வைப்பாள், நின்றபடியே இலையை மடிப்பாள், நின்றபடியே தின்பாள். ஊருக்குத் தெற்கே கரும்பாலைப் பக்கம் பிறந்தவள். டச்சு மேலாளன் குதிரையில் வந்தால் கரும்பு வெட்டுகிறவர்கள் எல்லாம் போட்டது போட்டபடி தரையில் குந்த வேண்டும், குதிரையின் வால் மறைகிறவரை எழுந்திருக்கக் கூடாது. அவள் அப்பா சேற்றில் குந்தியதைப் பார்த்து வளர்ந்திருக்கிறாள். "உக்காரேன்டி கொஞ்சம்" என்றால், "உக்காந்தவங்க கதையெல்லாம் பாத்தாச்சு" என்பாள்.

மார்த்தோ அச்சுக்கோப்பவன். விரல் நுனியெல்லாம் ஈயக்கறுப்பு. ஜப்பான்காரன் தோற்ற ஆகஸ்டு மாதத்தில், நாடு இனி நமக்கு என்ற அறிவிப்பை இந்த ஊரில் முதலில் கோத்த கைகளில் அவன் கையும் ஒன்று என்பான். தலைவரின் பேச்சை வானொலியில் கேட்டவர்கள் உண்டு. மார்த்தோ அதை எழுத்து எழுத்தாக, தலைகீழாக, விரலால் தொட்டவன். அதற்கு ஏழு வாரம் கழித்து மகன் பிறந்தான். மார்த்தோ யோசிக்கவே இல்லை. தலைவரின் பெயரையே வைத்தான், சுகர்னோ என்று முழுசாக. வீட்டில் கர்னோ.

கர்னோ என்றால் எங்கள் நிழற்கூத்தில் வருகிற கர்ணன்தான். விடியவிடியப் பார்த்த கதை, தேர்ச்சக்கரம் அழுந்தி நிற்கிற கதை. பெயர் சூட்டின அன்று நானே வாய் சும்மா இருக்காமல் சொன்னேன்: "கர்ணன் பேரை வச்சா கவசத்தையும் குண்டலத்தையும் கூடவே குடுக்கணும் மார்த்தோண்ணே. வெறும் பேரைக் குடுத்து அனுப்புறீங்களே."

"சுதந்திரத்துல பிறந்தவனுக்குக் கவசம் எதுக்கு லஸ்மி?" என்று சிரித்தான்.

பையனுக்கு மூன்றாம் மாதத்தில் முதல் காய்ச்சல் வந்தது. டச்சுக்காரர்கள் திரும்ப வந்து நெருக்கியதில், அந்த ஜனவரியில்தான் தலைநகரமே ரயிலேறி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. மந்திரிகள் அதிகம், வீடுகள் குறைவு. எங்கள் தெருவின் இரண்டு பெரிய வீடுகளில் ஏதோ இலாகாக்கள் வந்து உட்கார்ந்தன. குமாஸ்தாக்கள் துமிராவின் பலாக்கறிக்கு வரிசையில் நின்றார்கள். மார்த்தோவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பகலில் அச்சகம், சாயங்காலம் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை மூங்கில் ஈட்டிப் பயிற்சி. வீட்டுக்கு வந்தால் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் உட்காராதவர்கள்.

டச்சுக்காரர்கள் கடலைச் சுற்றி மறித்துவிட்டார்கள். ஜாவாவில் விளைகிற சின்கோனா மரத்தின் மருந்து ஜாவாக்காரனுக்குக் கிடைக்கவில்லை. பையனுக்கு வந்தது குளிர் காய்ச்சல். வரும், போகும், திரும்ப வரும். வயிறு மட்டும் ஊதி, கை கால் குச்சியாகிவிட்டது. டச்சுக்காரர்களோடு ஒவ்வொரு பேச்சுவார்த்தை முடிந்ததும் மார்த்தோ புதிய வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் தலைவரின் படத்துக்குக் கீழே ஒட்டுவான். குடியரசு முன்னைவிடச் சின்னதாக இருக்கும்.

"கையெழுத்துப் போடப் போட நாடு சுருங்குது. காய்ச்சல் வர வர இவன் சுருங்குறான்" என்றாள் துமிரா. "கர்னோப்பா, பேரு கனக்குது. மாத்திடலாம்."

அப்படி மாற்றுவது எங்களுக்குப் புதிதல்ல. பிள்ளை ஓயாமல் சீக்கில் விழுந்தால் பெயர் தாங்கவில்லை என்று அர்த்தம். சிவப்புக் கஞ்சி ஒரு கிண்ணம், வெள்ளைக் கஞ்சி ஒரு கிண்ணம் காய்ச்சி, தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு, இலேசான பெயர் ஒன்றை வைப்பார்கள். அதற்கப்புறம் பழைய பெயரை வீட்டாரும் சரி, தெருவாரும் சரி, வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் சீக்கு வழி கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடும்.

மார்த்தோ காது கொடுக்கவில்லை. "காய்ச்சலுக்குக் கொசு காரணம். பேரு காரணம் இல்ல."

"அப்ப உங்க பழைய பேரை எதுக்கு மாத்தினாங்க?" என்று நான் தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

நாற்பத்தெட்டு டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகிறபோது டச்சு விமானங்கள் வந்தன. விமானத்திடல் பக்கம் குடைகுடையாக ஆட்கள் இறங்குகிறார்கள் என்றார்கள். உச்சிப்பொழுதுக்குள் தெருவில் வண்டிச் சத்தம். சாயங்காலம், தலைவரும் துணைத்தலைவரும் மாளிகையிலேயே இருந்து பிடிபட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. காச நோயில் படுத்திருந்த தளபதி மட்டும் பல்லக்கில் ஏறிக் காட்டுக்குப் போய்விட்டாராம்.

மார்த்தோ காட்டுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டே கத்தினான். "டச்சுக்காரன் வந்தா நான் காட்டுக்குப் போவேன், உங்களோட சேர்ந்து சண்டை போடுவேன்னு தலைவர் சொன்னாரு. நான் கோத்தேன்டி அந்தப் பேச்சை. இந்தக் கையால கோத்தேன்!"

பையன் பாயில் முனகிக்கொண்டிருந்தான். துமிரா சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். "போங்க. போக வேண்டாம்னு சொல்லல. போறதுக்கு முன்னாடி பேரை மாத்திட்டுப் போங்க."

"இன்னிக்கா? அவரைப் பிடிச்சுட்டுப் போன இன்னிக்கா?"

"நீங்கதானே அவரைத் திட்டறீங்க?"

"நான் திட்டுவேன். அது வேற. தலைவன் மாட்டின அன்னிக்கே மார்த்தோ மகன் பேரைக் கழட்டிட்டான்னு ஊரு பேச நான் விடமாட்டேன்."

"ஊரு பேசும். ஊருக்கு வேற வேலை என்ன? இவன் மூச்சு விடணும்."

"நான் வர்ற வரைக்கும் அந்தப் பேர்ல கை வைக்காதே. சொல்லிட்டேன்." பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். பையனின் நெற்றியில் கை வைத்தான், சூட்டுக்குக் கையை எடுத்தான், போய்விட்டான். துமிரா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாக்குக் கொடுக்கவில்லை என்பது பிற்பாடு அவளுக்கு உதவியது.

டச்சுக்காரர்களுக்கு வேலை செய்யக் கூடாது என்று ஊர் முடிவெடுத்தது. எங்கள் ஊர்ச் சுல்தான் அரண்மனைக் கதவைச் சாத்திக்கொண்டார். அச்சகம் சாத்தியது. இலாகாக்கள் இருந்த வீடுகளில் காற்றடித்தது. சந்தையில் பலாப்பிஞ்சு வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. துமிரா மரவள்ளிக் கிழங்கை அதே கருப்பட்டியில் வேகவைத்து விற்றாள். விற்கும்போதே கண் தெருமுனைக்குப் போகும். அடுப்பில் வைத்ததை மறந்து வாசலுக்கு வருவாள், வாசலில் எதற்கு வந்தோம் என்று மறந்து உள்ளே போவாள்.

பிப்ரவரியில் பையன் நாலு நாள் கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை துமிரா தட்டியை நகர்த்திக்கொண்டு என் அடுக்களைக்கு வந்தாள். "லஸ்மி, அரிசி ஒரு பிடி இருக்கா? கஞ்சி காய்ச்சணும்."

நான் அரிசியோடு, சிவப்புக்கென்று கருப்பட்டியும் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

தெருத்தலைவர் ஜோயோவைக் கூப்பிடாமல் இது நடக்காது. ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் இருபது வீட்டுக்குத் தலைவரானவர். ஆட்சி மூன்று மாறியும் அவரை மாற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஈ பறந்தாலும் பயப்படுகிற மனுஷன். கிண்ணங்களைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"சிவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு! பக்கத்துல பக்கத்துல வேற வச்சிருக்கியேம்மா! நம்ம குடியரசுக் கொடி மாதிரி இருக்கே. டச்சுக்காரனுங்க வீடு வீடா நுழையறானுங்க."

"எங்கம்மா காலத்துலயும் இப்படித்தான் வச்சாங்க. அப்ப ஏது கொடி?" என்றாள் துமிரா.

"நடுவுல ஒரு வாழைப்பழமாவது வையேன்."

"தலைவரே, உக்காருங்க. கையைத் தூக்கி வேண்டிக்கங்க."

ஜோயோ உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் ஒரு தைரியம் வந்து மெல்லச் சொன்னார்: "உனக்கு மனசு உறுத்த வேண்டாம்மா. நம்ம தலைவருக்கே பிறந்தப்ப வேற பேராம். சின்ன வயசுல ஓயாத சீக்காம். அவங்கப்பா மாத்தி வச்ச பேருதான் இது."

துமிரா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "அவருக்கு அந்தப் பேரு உடம்புக்கு ஒத்துக்கிச்சு. என் பையனுக்கு ஒத்துக்கல. அவ்வளவுதான்."

பையன் பிறந்தது ஐந்து நாள் சந்தைக் கணக்கில் பைங் நாள். ஆகவே பைரான். கூலிக்காரன் பெயர், வண்டிக்காரன் பெயர், காற்றில் தூக்கி எறிந்தால் மிதக்கிற பெயர். ஜோயோ அதைச் சொல்லி வாயை மூடவில்லை, வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

மூன்று பேர். இரண்டு பேர் வெள்ளைக்காரப் பையன்கள். முற்றத்தில் கோழிக்கூண்டைக் கிளறினார்கள். உள்ளே வந்தவன் டச்சு உடுப்புப் போட்ட எங்கள் ஆள். பேச்சைக் கேட்டால் மேற்குப் பக்கத்து ஜாவாக்காரன். சுவரில் தலைவரின் படத்தைக் கழற்றிய இடம் சதுரமாக வெளுத்திருந்தது. அதைப் பார்த்தான். கிண்ணங்களைப் பார்த்தான். பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தான்.

"பேரு மாத்தறீங்களா?"

"ஆமாங்க" என்றாள் துமிரா.

"புதுப் பேரு?"

"பைரான்."

"பழைய பேரு?"

சுகர்னோ என்று சொன்னால் அப்பன் யார், எங்கே என்று கேட்பான். துமிரா வாயைத் திறந்தாள். அதற்குள், ஈக்குப் பயப்படுகிற எங்கள் ஜோயோ, யாருக்கும் சந்தேகமே வராத குரலில், பள்ளிவாசலில் அமர்ந்தவர்போலச் சொன்னார்: "அதைச் சொல்லக் கூடாதேங்க, ஐயா. சொன்னா சீக்கு திரும்பிடும். உங்களுக்குத் தெரியாததா?"

அந்தச் சிப்பாய் துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டான். "ஆமா. சொல்லக் கூடாது" என்றான். குனிந்து சிவப்புக் கஞ்சியில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டான். "கருப்பட்டி கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், ஒன்றுமில்லை என்று தலையாட்டி மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போனான்.

பைரான் மூன்றாம் நாள் கண் திறந்தான். ஒரு வாரத்தில் மரவள்ளி கேட்டான். பெயர் செய்த வேலையா, காய்ச்சலே அலுத்துப் போனதா என்று நான் தர்க்கம் பண்ணவில்லை. நாங்கள் எல்லாரும் நாக்கைக் கட்டிக்கொண்டோம், இருபது வீடும். துமிராவுக்கு மட்டும் ஒரு சங்கடம். புருஷனைப் பற்றிப் பேச்சு வந்தால், "கர்..." என்று தொடங்கி உதட்டைக் கடித்துக்கொள்வாள். பைரானப்பா என்று சொல்லிப் பார்த்தாள். யாரோ அடுத்த தெருக்காரனைச் சொல்வதுபோல் இருந்தது. "வந்து கேட்டா என்ன சொல்லுவேன் லஸ்மி? கை வைக்காதேன்னுட்டுப் போனாரு." அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு பயம். அவன் வராமல் போவானோ என்று ஒன்று, வந்து பெயரைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவானோ என்று ஒன்று.

இனி என் பங்கு.

மார்ச் மாதம் ஒரு காலையில் கிணற்றடியில் சோயாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். துமிரா சந்தைக்குப் போயிருந்தாள், பையனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு. கரிக்கூடை சுமந்த ஒருவன் வந்தான். எங்கள் தெருவுக்குக் கரி கொண்டுவருகிறவன் வேறே ஆள். இவனுடைய தோளில் காய்ப்பு இல்லை. உளவு சொல்லிப் பிழைக்கிறவர்கள் அப்போது அப்படித்தான் வருவார்கள்.

"அக்கா, மார்த்தோ வீடு இதுதானே? அவரு பையன் கர்னோ எப்படி இருக்கான்?"

அந்தப் பெயரைக் கேட்டதும் கழுவின சோயாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். உளவாளி என்ற பயம் பாதி, பெயர் பாதி. "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல" என்றேன்.

"மூணு வயசுப் பையன். காய்ச்சல்ல இருந்தான்னு..."

"இல்லைன்னு சொல்றேன்ல. அந்தப் பேரை இந்தத் தெருவுல இனிமே எடுக்காதீங்க."

அவன் தலையிலிருந்த ஓலைத் தொப்பியைக் கழற்றினான். எதற்குக் கழற்றுகிறான் என்று நான் யோசிக்கவில்லை. கரி வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் போனான். சமாளித்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. துமிராவிடம் சொல்லி அவளை இன்னும் அலைக்கழிக்க வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

இன்னொரு பேச்சுவார்த்தை முடிந்து, ஜூன் கடைசியில் டச்சு லாரிகள் வடக்கே கிளம்பின. அவை போன வழியிலேயே எங்கள் ஆட்கள் நடந்து வந்தார்கள். தலைமுடி தோள்வரை, காலில் ஒன்றுமில்லை, ஆளுக்கொரு விதமான துப்பாக்கி. தெருவெல்லாம் பெயர்கள் பறந்தன. அம்மாக்கள் மகன்களைக் கூப்பிட்டார்கள், தங்கைகள் அண்ணன்களைக் கூப்பிட்டார்கள். துமிரா வாசலில் நின்றாள். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஜோயோ வந்து சொன்னார்: "மார்த்தோவைப் பாத்தேன்மா. ரயில்வே கேட்டுப் பக்கம். நல்லாத்தான் இருக்கான். நான் கையாட்டினேன். அவன் வேற பக்கம் திரும்பிட்டான்."

துமிரா அடுப்பை ஊதினாள். எரிகிற அடுப்பைத்தான் ஊதினாள். "பேரை மாத்தினது தெரிஞ்சு போச்சு" என்றாள். "யாரோ சொல்லியிருக்காங்க."

"இல்ல, மலைப்பக்கம் எவளாவது..." என்று நான் இழுத்தேன்.

"எவளாவது இருந்தா வந்து என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். ஊருக்குள்ள இருந்துக்கிட்டு வீட்டுக்கு வராம என்ன இது?" தானாகத் தேடிப் போகவும் அவளுக்கு மனம் வரவில்லை, போகாமலிருக்கவும் முடியவில்லை. ஆறு நாள் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தே தேய்ந்தாள்.

தலைவர்கள் திரும்பி வருகிற நாள் வந்தது. விமானத்திடலிலிருந்து ஊருக்குள் வருகிற சாலை முழுவதும் ஜனம். துமிரா பைரானுக்குப் புதுச்சட்டை போட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "தலைவரைப் பாக்கப் போறியா?" என்றேன். "அவரை நீ பாரு" என்றாள்.

சாலை ஓரத்தில் பத்தடிக்கு ஒருவராக எங்கள் சிப்பாய்கள் ஜனத்தைப் பார்த்து நின்றார்கள். நானும் அவளும் முண்டியடித்துப் போகும்போது வரிசையில் ஒரு முகம் என்னைத் தடுத்தது. அன்று கரிக்கூடையோடு வந்தவன். தோளில் இப்போது துப்பாக்கி.

"நீங்க அன்னிக்குக் கிணத்தடியில இருந்த அக்காதானே?" என்றான்.

"மார்த்தோ எங்க?" என்று கேட்டேன்.

"ரயில்வே கேட்டுப் பக்கம் நிக்கிறாரு. வீட்டுக்குப் போங்கண்ணேன்னு நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம். அந்தப் பேரு வேண்டாம்னு அவ தலைப்பாடா அடிச்சுக்கிட்டா, நான்தான் கேக்கல, எந்த மூஞ்சியோட போறதுங்கிறாரு. அவரு அனுப்பி நான் வந்தப்ப, பையன் போயிட்டான்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க?"

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வேறு என்ன சொன்னேன்? பெயர் இல்லை என்றால் பிள்ளை இல்லை என்றுதான் அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். துமிரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பையனை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றினாள், ஓடினாள்.

ரயில்வே கேட் கால்மைல் தூரம். அவள் முதுகையே பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். மிதித்தோம், மிதிபட்டோம். ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். துமிரா அதைவிடக் கெட்டதாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். கேட்டுக்கு முன்னால் ஆறேழு வரிசை ஜனம், அதற்குமேல் நகர முடியவில்லை. தலைகளுக்கு நடுவே மார்த்தோ தெரிந்தான். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு நின்றான். கண் ஜனத்தின் மேல் இல்லை. தலைகளுக்கு மேலே எங்கேயோ இருந்தது. தோளில் பிள்ளை வைத்தவர்கள் நூறு பேர் எதிரே நின்றார்கள். அவன் பிள்ளைகளைப் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொண்டிருந்தான்.

துமிரா என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? பைரானப்பா என்றால் அவனுக்கு அது யாரோ. அவள் என் கையை நகம் பதியப் பிடித்தாள். பையனின் இரண்டு காதையும் தன் கைகளால் பொத்தினாள். பிறகு, ஐந்து மாதம் கட்டி வைத்த பெயரை அவிழ்த்தாள்.

"கர்னோப்பா!"

அந்த நேரம் பார்த்துத்தானா கார்கள் வரவேண்டும்? சாலை முழுவதும் ஒரே குரலாக எழுந்தது. "புங் கர்னோ! புங் கர்னோ! மெர்டேக்கா!" புங் என்றால் அண்ணன், தலைவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்; மெர்டேக்கா என்றால் சுதந்திரம். அந்தப் பெயரை எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊரே அந்தப் பெயரைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. இவள் குரல் கடலில் விட்ட சொம்புத் தண்ணீர் ஆயிற்று. "கர்னோப்பா! கர்னோ...!" பக்கத்திலிருந்த கிழவர் இவள் பக்தியை மெச்சி, "கத்தும்மா, நல்லாக் கத்து!" என்றார்.

மார்த்தோ இமைக்கவில்லை. கார் நெருங்கிக்கொண்டிருந்தது. கார் போய்விட்டால் வரிசை கலையும். கலைந்தால் எந்தப் பக்கம் போவானோ.

துமிரா மூச்சை இழுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராததை, அவன் அம்மா செத்தபின் யாருமே கூப்பிடாததை, கரும்பாலைக்காரியின் குரலில் கூப்பிட்டாள்.

"கசிரன்! டேய் கசிரன்!"

அந்தச் சத்தத்தில் அது எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியாது. பத்தாயிரம் வாய் ஒரு பெயரைச் சொல்லும்போது வேறொரு பெயர் தனியாகத் தெரியும்போலும். மார்த்தோவின் தலை வெடுக்கென்று திரும்பியது, வீட்டில் விஷமம் பண்ணி மாட்டிக்கொண்டவன் திரும்புவதுபோல. துமிரா பையனைக் கையெட்டும் மட்டும் உயரத் தூக்கினாள்.

மார்த்தோ பார்த்தான். துப்பாக்கி அவன் கையிலிருந்து சரிந்தது. பக்கத்துச் சிப்பாய் பிடித்துக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில், தலைவரின் கார் போயிற்று. எழுத்து எழுத்தாக அந்த மனிதரின் பேச்சைக் கோத்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா, அந்த மாமாவை எதுக்குத் திட்டற?" என்றான் பைரான்.

"மாமா இல்ல. உங்கப்பா."

வரிசை கலைந்ததும் அவன் வந்தான். பையனின் கன்னத்தைத் தொட்டான், வயிற்றைத் தொட்டான். வாய் திறந்தது, "கர்..." துமிரா படீரென்று அவன் வாயைப் பொத்தினாள். ஊன்றிப் பொத்தினாள், தாடியில் அவள் விரல் புதைந்தது.

"பைரான்" என்றாள். "கை வச்சுட்டேன். கோபம்னா இங்கயே சொல்லிடுங்க, வீட்டுக்கு வந்து சொல்லாதீங்க."

அவன் அவள் கையை விலக்கினான். "பைரான்" என்றான், கோப்பதற்குமுன் எழுத்தை விரலால் உருட்டிப் பார்ப்பதுபோல. "இலேசா இருக்கு."

வீட்டில் பலாப்பிஞ்சு இருந்தது அன்றைக்கு. அவன் தின்றான், பையன் அவன் துப்பாக்கி வாரைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் தெம்பேயை இலையில் கட்டிக்கொண்டிருந்தேன். காது முழுக்க அந்தப் பக்கம்.

"யாரோ ஒரு பொம்பளை சொன்னாளாம், கிணத்தடியில. பையன் இல்லைன்னு. நாலு மாசம், துமிரா. நாலு மாசம் நான் தூங்கல. யாரு அவ?"

என் கை நின்றுவிட்டது. தட்டியின் இடுக்கு வழியே துமிராவின் கண் என்னைப் பார்த்தது. நன்றாகவே பார்த்தது.

"தெருவுல கிணத்தடிக்கு வர்றவ நாப்பது பேரு" என்றாள். "எவளைன்னு கண்டேன்? சோறு போடட்டுமா?"

அடுத்த முப்பத்தைந்து நாள், ஏழு நாள் வாரமும் ஐந்து நாள் சந்தையும் சேர்ந்து ஒரு சுற்று முடிகிறவரை, அவள் மணிக்கொரு தரம் பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஊரே கத்திய பெயர் அவன் காதில் விழுந்ததா இல்லையா என்று அவளுக்கு உறுதியில்லை. காய்ச்சல் வரவில்லை. படம் சுவருக்குத் திரும்பி வந்தது. வெளுத்த சதுரத்தைவிடச் சற்றுக் கோணலாக மாட்டினான்.

மார்த்தோ வீடு வந்த மறுநாள் காலையில் தெருமுனைக்கு வந்தவள் என் கூடையில் மேலாக இருந்த பெரிய தெம்பேக் கட்டு இரண்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கிணற்றடிக் கணக்கு என்று நானும் கூடையை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். அந்த வருஷம் முழுவதும் எடுத்தாள்.